காப்பிலி என்ற சொல்லும் விடிய விடியக் கேட்ட பைலாவும்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

சித்திரைப் புத்தாண்டோடு நம்ம வில்கமுவ பக்கம் நடக்கும் மியூசிக்கல் ஷோக்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மைதானத்தில் இரும்புக் குழாய் மேடை, ஒரு மூலையில் ஜெனரேட்டர், இன்னொரு மூலையில் மஞ்சோக்காவும் கடலையும். எட்டு மணிக்கு என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள், பத்து மணிக்குத்தான் முதல் பாட்டு வரும். மேற்கு நாடுகளில் கோடைகாலத்தில் புல்வெளியில் மேடை போட்டு கன்ட்ரி, புளூஸ் என்று நாள் கணக்கில் வாசிப்பதைக் காணொளிகளில் பார்க்கிறோம். நமக்குக் கோடை என்று தனியாக ஒன்று இல்லை, வருடம் முழுக்க வெயில்தான். ஆனால் திறந்த வெளி, இரவு, ஊரே கூடும் பாட்டு என்றால் சித்திரைதான்.

ஷோ எப்படி முடியும் என்றும் எல்லோருக்கும் தெரியும். சோகப்பாட்டு, காதல் பாட்டு எல்லாம் ஓய்ந்து கடைசி முக்கால் மணித்தியாலம் பைலா நொன்ஸ்டொப். அதுவரை ஓரமாக நின்றவனும் நடுவுக்கு வந்துவிடுவான். மோட்டார் சைக்கிளில் போய் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு வரும் நமது பொடியன்மாரும் அதற்கு விலக்கல்ல. நான் பார்த்ததைச் சொல்கிறேன், பெயர் சொல்லவில்லை, வாப்பாமார் பதற வேண்டாம்.

இசை கூடுமா கூடாதா என்ற விவாதம் இந்தப் பதிவின் கீழே வேண்டாம். அது உலமாக்களின் வேலை. நான் வரலாறு படிப்பிக்கிறவன், வரலாறு மட்டும் எழுதுகிறேன்.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய கிழமை, எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இன்னொருவனை “டேய் காப்பிலி” என்று கூப்பிட்டான். வகுப்பே சிரித்தது. கூப்பிடப்பட்டவனும் சேர்ந்து சிரித்தான், அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. “காப்பிலி என்றால் என்ன?” என்று கேட்டேன். “கறுப்பா, சுருட்டை முடியா இருக்கிற ஆள், சேர்” என்றான் முன்வரிசைப் பையன். முந்திய கிழமை விடிய இரண்டு மணிவரை பைலாவுக்கு ஆடியவர்களில் அவனும் ஒருவன்.

அந்தப் பாடவேளையில் சொல்லி முடிக்க நேரம் போதவில்லை. வகுப்பில் சொன்னதையும் சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல். காப்பிலி, காப்பிரி இரண்டும் ஒன்றுதான். சிங்களத்திலும் காப்பிரி. இதன் வேர் நமக்கு நன்றாகத் தெரிந்த அரபுச் சொல்: காபிர். ஆபிரிக்காவின் கிழக்குக் கரையோரம் வியாபாரம் செய்த அரபுக் கடலோடிகள், உள்நாட்டில் இஸ்லாத்தை ஏற்காத மக்களைக் குறிக்க அதைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கடலுக்குப் பின்னால் வந்த போர்த்துக்கேயர் அந்தச் சொல்லைக் கேட்டு, பொருளை விட்டுவிட்டு ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வாயில் அது கறுப்பு ஆபிரிக்கர் எல்லோருக்கும் பெயராகிப் போனது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதையே தொடர்ந்தார்கள். தென்னாபிரிக்காவில் இன்று அந்தச் சொல்லை ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் நீதிமன்றம் போக வேண்டி வரும். இங்கே எட்டாம் வகுப்பில் சிரிக்கிறோம்.

ஆபிரிக்கர் இலங்கைக்கு வந்தது போர்த்துக்கேயரோடு மட்டும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1344ல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா கொழும்பைப் பற்றி எழுதும்போது, அங்கே கடலை ஆண்ட ஜாலஸ்தி என்ற அதிபதியிடம் சுமார் 500 ஹபஷிகள் இருந்ததாகச் சொல்கிறார். ஹபஷி என்றால் அபிசீனியர், இன்றைய எத்தியோப்பியப் பக்கத்து மக்கள். பிலால் (ரழி) அவர்களும் ஹபஷிதான், அடிமையாக இருந்து விடுதலையானவர்தான். பிள்ளைக்கு பிலால் என்று ஆசையாகப் பெயர் வைக்கிறோம். அதே வாயால் காப்பிலி என்றும் சொல்கிறோம்.

பெருந்தொகையாக ஆபிரிக்கர் கொண்டுவரப்பட்டது ஐரோப்பியர் காலத்தில். போர்த்துக்கேயர் படைவீரர்களாகவும் வேலைக்காரர்களாகவும் கொண்டுவந்தார்கள். இதே போர்த்துக்கேயர்தான் 1626ல் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து நமது முன்னோரை விரட்டினார்கள் என்பதையும், கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்து கிழக்கில் குடியேற்றியதையும் லோர்னா தேவராஜா அம்மையாரின் நூலைப் படித்தவர்கள் அறிவார்கள். ஒரு சமூகத்தை விரட்டிய கை, இன்னொரு சமூகத்தைக் கப்பலில் ஏற்றி இறக்கியது.

பிறகு ஒல்லாந்தர். கொழும்பில் கோட்டை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் அடிமைகளை வைத்திருந்தார்கள். அவர்களை இரவில் அடைத்து வைத்த இடம் பேரை வாவிக்குப் பக்கத்தில் இருந்தது. ஆங்கிலேயர் காலம் முதல் நீண்ட காலமாக அதன் ஆங்கிலப் பெயர் ‘ஸ்லேவ் ஐலண்ட்’, அதாவது அடிமைத்தீவு என்று இருந்தது. நாம் கொம்பனித்தெரு என்று சொல்லும் அதே இடம்தான். பிரியாணி சாப்பிடப் போகும்போது ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆபிரிக்கர்களைக் கொண்டே ஒரு படைப்பிரிவை அமைத்தார்கள், மூன்றாம் இலங்கைப் படைப்பிரிவு என்று அதற்குப் பெயர். சட்டப்படி அடிமை முறை இங்கே முற்றாக ஒழிந்தது 1844ல். படை கலைந்த பிறகு பலர் புத்தளத்தில் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய சந்ததியினர் இன்றும் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழ்கிறார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர், இப்போது சிங்களம் பேசுகிறார்கள். தங்களைத் தாங்களே காப்பிரி என்று கூச்சமின்றிச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் அப்படிச் சொல்வதும் நாம் சொல்வதும் ஒன்றல்ல.

இனிப் பாட்டுக்கு வருகிறேன். சிரம்பியடி மக்களிடம் மிஞ்சியிருப்பது ‘மஞ்சா’ என்ற பாட்டு. வாத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு றபான், கண்ணாடிப் போத்தல், கரண்டி, தேங்காய்ச் சிரட்டை, இவ்வளவுதான். மெதுவாகத் தொடங்கும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடப் பாட வேகம் கூடிக்கொண்டே போகும், கடைசியில் இருப்பவர் எழும்பி ஆடாமல் இருக்க முடியாது. மொழி, இலங்கையில் கலந்து உருவான ஒரு போர்த்துக்கேயம். அந்த மொழி வீட்டுப் பேச்சிலிருந்து போய்விட்டது. பாடுகிறவர்களுக்கே பல வரிகளின் பொருள் முழுதாகத் தெரியாது, ஆனால் பாட்டு மட்டும் தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டே இருக்கிறது. லண்டனில் இருந்து ஆய்வு செய்யும் ஷிஹான் டி சில்வா ஜயசூரிய இவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்.

இந்தப் பாட்டுக்கும் நம்ம மைதானத்துக்கும் என்ன தொடர்பு? பைலா என்ற பெயரே ஆடுதல் என்ற பொருள் தரும் போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்தது. அதற்கு முந்திய ஆட்ட இசைக்குக் கப்ரிஞ்ஞா என்று பெயர். அந்தப் பெயருக்குள்ளேயே ‘காப்பிரி’ இருக்கிறது, கவனித்தீர்களா? மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீடுகளில் வயலின் வைத்து வாசித்து வந்ததும் அதுதான். இந்தத் தாளத்தை எடுத்துச் சிங்கள வார்த்தை போட்டு ஊரெல்லாம் பரப்பியவர் வொலி பெஸ்தியன், பொலிஸ் உத்தியோகத்தில் இருந்தவர். 1940களில் அவர் தொடங்கியதை எம். எஸ். பெர்னாண்டோ போன்றவர்கள் மேடைக்குக் கொண்டு வந்தார்கள். தமிழிலும் அது சும்மா இருக்கவில்லை. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ எல்லாம் அந்தக் காலத்துப் பொப் இசை என்று நாம் தலையாட்டிக் கேட்டவை. சுராங்கனி கடல் தாண்டித் தமிழ்நாட்டையும் ஆட்டியது. அந்த ஆட்டத்துக்குள்ளே சிரட்டையும் போத்தலும் தட்டிய கைகளின் பங்கும் உண்டு.

இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மனிதர்கள் இந்துசமுத்திரம் வழியாக நம்மிடம் வந்தது போல, மேற்குக் கரையிலிருந்து மிகப் பெரிய தொகையில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் கணிசமானோர் முஸ்லிம்கள். இது நாம் பெருமைக்காகச் சொல்லும் கதை அல்ல, எழுத்தில் இருக்கும் ஆதாரம். உமர் இப்னு ஸயீத் என்பவர் இன்றைய செனகல் நாட்டின் பூத்தா தோரோப் பகுதியில் பல ஆண்டுகள் மார்க்கக் கல்வி கற்றவர். 1807ல் பிடிக்கப்பட்டு அமெரிக்காவின் சார்ள்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். கொடிய எஜமானிடமிருந்து தப்பி ஓடி அகப்பட்டுச் சிறையில் கிடந்தபோது அதன் சுவரில் அரபியில் எழுதினார். 1831ல் தன் வாழ்க்கையை அரபியில் எழுதியபோது அதை சூரத்துல் முல்க்கோடு தொடங்கினார். ஆட்சி அனைத்தும் எவன் கையில் இருக்கிறதோ அவனைப் போற்றித் தொடங்கும் சூரா. ஒரு மனிதனை இன்னொரு மனிதன் விலைக்கு வாங்கி வைத்திருக்கும் வீட்டில் உட்கார்ந்து அதைத்தான் முதலில் எழுதியிருக்கிறார். அந்தக் கையெழுத்துப் பிரதி இப்போது அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம். வகுப்பில் காட்டினேன். “சேர், இது மஃரிபி எழுத்து மாதிரி இருக்கு” என்றான் ஒருவன். மத்ரஸாவில் ஓதுகிற பிள்ளை.

அந்த நாட்டில் அடிமைகளின் மேளத்துக்குத் தடை வந்தது. தென் கரோலினாவில் 1739ல் ஒரு பெரிய கிளர்ச்சி. கிளர்ந்தவர்கள் மேளம் அடித்து ஆள் சேர்த்தார்கள் என்பதால் மறு வருடமே மேளமும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். மேளம் போனால் என்ன மிஞ்சும்? குரலும் கையும் நரம்பு வாத்தியமும். பன்ஜோ என்று கன்ட்ரி பாட்டில் துள்ளிக் கேட்குமே, அது வெள்ளைக்காரக் குடியானவனின் வாத்தியம் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது ஆபிரிக்கர் தங்கள் நினைவிலிருந்து சுரைக்குடுவையில் தோல் கட்டிச் செய்தது. பிறகு வெள்ளையர் அதைக் கற்றுக்கொண்டு, முகத்தில் கரி பூசி, கறுப்பரைக் கேலி செய்யும் கூத்துகளில் வாசித்துக் காசு பார்த்தார்கள். வாத்தியத்தை எடுத்துக்கொண்டு ஆளைச் சிரிப்பது அங்கேயும் நடந்ததுதான்.

இனி புளூஸ். மிசிசிப்பி ஆற்றோரப் பருத்தி நிலங்களில் அது வளர்ந்தது. அதற்கு முன்னோடி என்று சொல்லப்படுவது வயல் கூவல். தனியாளாக வேலை செய்கிறவன், வாத்தியம் ஒன்றும் இல்லாமல், ஒரு சொல்லை இழுத்து நெளித்து நீட்டிப் பாடுவது. மகாவலியில் அணை கட்டியது போல அங்கே ஆற்றங்கரை நெடுக வெள்ளத்துக்கு மண் அணை போட்டார்கள். கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு அந்த வேலை செய்தவர்கள் பாடிய கூவல் ஒன்றை, மிசிசிப்பியின் பார்ச்மன் சிறைப் பண்ணையில் 1947ல் அலன் லோமக்ஸ் என்பவர் பதிவு செய்தார். சில்வியன் டியூஃப் என்ற வரலாற்றாய்வாளர் தன் உரைகளில் அந்தப் பதிவையும் அதானையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவார். இழுப்பும் நெளிவும் இடையில் விடும் மௌனமும் அவ்வளவு ஒத்திருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. “புளூஸ் இசை பாங்கிலிருந்து பிறந்தது” என்று வட்சப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அப்படி அடித்துச் சொல்ல முடியாது. மேற்கு ஆபிரிக்காவின் ஸஹாரா ஓரத்து முஸ்லிம் நிலங்களின் பாடும் முறை புளூஸில் கேட்கிறது என்பதை கெர்ஹார்ட் குபிக் போன்ற இசை ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். அது ஒரு வலுவான கருத்து, அவ்வளவுதான். புளூஸுக்குள் வேறு ஆபிரிக்க மரபுகளும் தேவாலயப் பாட்டும் உண்டு. நமக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக வரலாற்றை ஊதிப் பெருக்கினால், நாளைக்கு நம்மைப் பற்றி இன்னொருவன் ஊதிப் பெருக்கும்போது வாய் திறக்க முடியாது.

டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசைக்கலைஞர் சுமார் 1903ல் டட்வைலர் என்ற சிறிய ரயில் நிலையத்தில் ரயிலுக்குக் காத்துக் கிடந்தபோது, கந்தல் உடுத்த ஒருவர் கிட்டார் நரம்பில் கத்தியை அழுத்தி வாசிப்பதைக் கேட்டதாக எழுதியிருக்கிறார். அந்த மனிதரின் பெயர் தெரியாது. 1920ல் மேமி ஸ்மித் பாடிய இசைத்தட்டு விற்றுத் தீர்ந்ததும்தான் கம்பனிகளுக்கு இதில் காசு இருக்கிறது என்று புரிந்தது. உடனே பெட்டியைப் பிரித்தார்கள். கறுப்பர் பாடினால் ஒரு பட்டியல், மலைநாட்டு வெள்ளையர் பாடினால் வேறு பட்டியல். 1927ல் பிரிஸ்டல் நகரில் பதிவான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ரொஜர்ஸும் கன்ட்ரி இசையின் தொடக்கம் என்று சொல்லப்படுகிறது. அந்தக் கார்ட்டருக்கு ஊர் ஊராய்ப் போய்ப் பாட்டுச் சேர்க்கத் துணை நின்றவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்போம்? நம் நாட்டிலும் கன்ட்ரி பாட்டுக்கு ரசிகர்கள் உண்டு. சிறுவர்களின் நலனுக்காகக் கொழும்பில் 1988 முதல் ‘கன்ட்ரி ரோட்ஸ்’ என்ற இசை நிகழ்ச்சி நடந்து வந்திருக்கிறது, அதை முன்னின்று நடத்தியவர்களில் ஊடகவியலாளர் பைசல் சமத்தும் ஒருவர்.

மாலி நாட்டையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அலி ஃபர்கா தூரே அந்நாட்டு முஸ்லிம் விவசாயி, பின்னாளில் தன் ஊரான நியாஃபுங்கேயின் மேயர். அவருடைய கிட்டாரைக் கேட்ட அமெரிக்கர்கள் புளூஸ் போல இருக்கிறதே என்று வியந்தார்கள். அவர் பார்வையில் அது தலைகீழ்: தன் ஊர்ப் பாட்டுத்தான் அங்கே போய் புளூஸ் ஆனது. அதே மாலியில் 2001 முதல் பாலைவன மணலில் ஒரு திறந்தவெளி இசை விழா நடந்தது, துவாரெக் மக்களின் பழைய ஒன்றுகூடலை ஒட்டி. 2012 ஜனவரியில் திம்புக்துவில் நடந்ததோடு நின்றுபோனது. அந்த வருடம் ஆயுதக் குழுக்கள் வட மாலியைப் பிடித்துப் பாட்டையே தடை செய்தன. வாத்தியங்களை எரித்தார்கள். 1740ல் மேளத்தைத் தடுத்தவர்கள் எஜமானர்கள். இவர்களை என்னவென்று சொல்வது என்று யோசித்துக்கொண்டு இருக்கிறேன்.

வயல் கூவலைப் பற்றி வகுப்பில் சொல்லும்போது எனக்கு நினைவு வந்தது நம் ஊர் ‘பெல் கவி’. சேனையில் மரத்தின் மேலோ உயரக் கால் நட்டோ குடில் போட்டு, இரவு முழுக்க விழித்திருந்து யானையையும் பன்றியையும் விரட்டியவர்கள் பாடிய சிங்களக் கவி. பெல என்றால் அந்தக் காவல் குடில்தான். தூக்கம் வராமல் இருக்க, பயம் போக, ஆள் இருக்கிறது என்று மிருகத்துக்குத் தெரிய, இழுத்து இழுத்துப் பாடுவார்கள். தூரத்துக் குடிலில் இருந்து மறுகவி வரும். வஸ்கமுவ வனத்தின் ஓரத்தில் இருக்கிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. இப்போது மின்வேலி, யானை வெடி, கையில் ஃபோன். கவி குறைந்துவிட்டது.

பக்கத்துக் காணியில் ஒரு சிங்களப் பெரியவர் இருக்கிறார், நாங்கள் சீயா என்று கூப்பிடுவோம். எண்பது தாண்டிவிட்டது. அவரிடம் போய்க் கேட்டேன். “இப்ப யாரு மாஸ்டர் கேக்கிறது?” என்று வெட்கப்பட்டார். பிறகு மூன்று கவி பாடினார், ஃபோனில் பதிந்தேன். நாலாவது பாதியில் மறந்துவிட்டது.

மறு கிழமை வகுப்பில் மூன்று பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். பார்ச்மன் கூவல், சிரம்பியடி மஞ்சா, சீயாவின் பெல் கவி. முதலாவதுக்குச் சத்தமில்லை. மஞ்சாவுக்கு இரண்டு மூன்று பேர் மேசையில் தட்டத் தொடங்கினார்கள். “சேர், இது ஷோவில கடைசியா அடிச்ச அடி” என்றான் காப்பிலி என்று கூப்பிட்டவன். ஆமாம் என்றேன். “அப்ப இவங்கட பேரைத்தானா நான் சொன்னேன்?” என்று கேட்டான். அதற்கும் ஆமாம் என்றேன். அவன் மற்றவனிடம் போய் என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். நோன்பு காலத்தில் றபான் அடித்து ஸஹருக்கு எழுப்பிய பக்கீர் பாவாமாரின் பைத் நினைவிருப்பவர்கள், மூத்தும்மாமார் தாலாட்டிய பாட்டு தெரிந்தவர்கள், தவளம் ஓட்டிய, வண்டில் ஓட்டிய வாப்பாமாரிடம் கேட்ட கவி ஒரு அடியாவது ஞாபகம் உள்ளவர்கள், குரல் பதிவாக எனக்கு அனுப்புங்கள். பாதியில் மறந்தாலும் பரவாயில்லை. ஊர்ச் சிங்களப் பெரியவர்களிடம் பெல் கவி கேட்டுப் பதியக்கூடிய பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது. சீயாவின் நாலாவது கவியின் மீதி யாருக்காவது தெரிந்திருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள், அவர் இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டு இருக்கிறார்.